பேசாம இருந்தவங்கள சம்மதிச்சவங்கன்னு எழுதாத

டேய் கண்ணு, இத உனக்குத் தனியா அனுப்பாம என் பேஜ்லயே எல்லாரும் படிக்கிற மாதிரி போடறேன், கோச்சிக்காத. தனியா அனுப்பினா நீ படிக்க மாட்ட. வாய்ஸ் நோட்டு போட்டா ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட வுட்டுட்டு ஒரு கட்டவெரல் பொம்மய அனுப்பிட்டுப் போயிடுவ. இங்க போட்டா உன் ஃப்ரெண்டுங்க படிப்பானுங்க, "மச்சான், உங்கம்மா இன்னாடா எழுதிக்கினு இருக்காங்க"ன்னு ஓட்டுவானுங்க, அந்த மானத்துக்காவது நீ படிப்ப. இந்தப் பேஜ்ல நான் எப்பவும் கொரியன் சீரியல் பத்தித்தான் எழுதுவேன். ஹீரோ முடி வெட்டிக்கினதுக்கே ஒரு வாரம் அழுது போஸ்ட்டு போட்ட பொம்பள நான். இன்னிக்கு சீரியல் கெடையாது, ஃபாலோ பண்றவங்க மன்னிச்சிக்குங்க. எனக்கு பயமா இருக்கு. என் புள்ளகிட்ட பேசணும்.

நேத்து மத்தியானம் நீ ஒரு பிடிஎஃப் அனுப்பின. "எம்மா, உங்க கடைல நூறு காப்பி போட்டு வையி, வியாழக்கெழம மலைக்குப் போற வழில வாங்கிக்கறேன்"ன்ன. எனக்கு இன்னா சந்தோசம் தெரியுமா? என் புள்ள மொத மொதல்ல வேலைக்குப் போயி, அந்த வேலைக்கு நானே ஜெராக்ஸ் போடறேன்னு கடைக்கு வந்த வக்கீலு குமாஸ்தாகிட்டலாம் காட்டிக்கினு இருந்தேன். நீ சேந்திருக்கிற கம்பெனி இன்னா பண்ணுதுன்னு அவருக்கு நான்தான் வெளக்கினேன். எங்க கல்வராயன் மலைல இருக்கறவங்க பேசறத ரெகார்டு பண்ணுவாங்க சார், அத வச்சி மெஷினுக்கு அந்தப் பேச்சக் கத்துக் குடுப்பாங்க, அப்பறம் அந்த மெஷினு சீரியலுக்கெல்லாம் எங்க மலப் பேச்சுலயே டப்பிங் பேசும்னேன். "பரவால்லயேம்மா"ன்னாரு. பேப்பரு சூடா வந்து வுழுந்துகினு இருந்துது. நாலாவது பக்கம் கோணலா வந்துச்சேன்னு கைல எடுத்தேன். எடுத்தவ படிச்சேன்.

"ஊர்க்கூட்டத்தில் இவ்வறிவிப்பு வாசிக்கப்பட்டு, ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கப்படாத பட்சத்தில், ஊரார் அனைவரும் ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும்." அதுக்குக் கீழ, அவங்க கொரல எந்த வடிவத்துலயும், எதுக்கு வேணும்னாலும், காலவரம்பு இல்லாம வச்சிக்கலாம்னு போட்டிருக்கு. அதுக்கும் கீழ, உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் கையொப்பம்னு ஒரு கோடு. கோட்டுக்கு அடியில உன் பேரு டைப் அடிச்சிருக்கு. மெஷின நிறுத்திட்டேன். ஓனரு "இன்னாம்மா, பேப்பரு மாட்டிக்கிச்சா"ன்னு கேட்டாரு. ஆமாம் சார்னு சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

உனக்குப் போன் பண்ணா நீ சிரிச்ச. "எம்மா, எல்லா பேப்பர்லயும் அப்படித்தாம்மா இருக்கும். யாராவது வேணாம்னா வேணாம்னு சொல்லிடட்டும், நாங்க கெளம்பிடுவோம். கத்தியா காட்றோம்?" அப்பறம் இன்னொண்ணு சொன்ன. "நீதானம்மா எப்ப பாரு, நம்ம பேச்சு டிவில வரல, படத்துல வரல, வந்தாலும் நம்மள கிண்டலடிக்கத்தான் வருதுன்னு கமெண்ட்ல கத்திக்கினு இருந்த. இப்ப ஒருத்தன் செய்றேன்னு வரான், நீ அழுற." நான் போன வச்சிட்டேன். நேத்துலருந்து உனக்கு பதில் தேடிக்கினு இருக்கேன்.

நீ சொன்னது உண்ம. நான்தான் கேட்டேன். எட்டாவதோட நின்னவ நான். தமிழ்ல டப்பிங் பண்ண கொரியன் சீரியலு பாத்துப் பாத்து, கீழ எழுத்து வர்றதப் படிச்சிப் படிச்சி, அப்பறம் நானே போன்ல எழுத்துப் போடக் கத்துக்கினவ. ஒரு சீரியல்ல மலைல கோழி வளக்கற ஒரு அம்மா வரும். டப்பிங்ல அது பட்டணத்துக்காரங்க பேசற மாதிரியே பேசும். ஃபேன் குரூப்புல ஒரு பொண்ணு சொல்லிச்சி, அக்கா, அந்தம்மா அங்க பேசறது வேற மாதிரி பேச்சு, கொரியாக்காரங்களே கீழ எழுத்து இருந்தாத்தான் புரிஞ்சிக்குவாங்களாம்னு. ஒரு பேச்ச அப்படியே தொடச்சி எடுத்துட்டு வேற பேச்ச வச்சிருக்கான், எனக்குத் தெரியவேயில்ல! அப்பறம்தான் இந்த ஆன்லைன் வீடியோவுக்குக் கொள்கை கொண்டு வரப்போறோம், ஜனங்க கருத்து சொல்லுங்கன்னு கவர்மெண்டுலருந்து இங்கிலீஷ்ல ஒண்ணு வந்துது. போன வச்சே தமிழாக்கி வரி வரியாப் படிச்சேன். சின்ன மொழிங்களுக்கும் வட்டாரப் பேச்சுக்கும் எடம் குடுக்கணும், காப்பாத்தணும்னு ஒரு பக்கம் இருந்துது. கை தட்டினேன்டா. நாலு பக்கம் கருத்து எழுதி அனுப்பினேன், "எங்க கல்வராயன் மலப் பேச்சுலயும் சீரியலு வேணும்"னு. கடசியில ரெண்டு ஹார்ட்டு வேற போட்டேன். காப்பாத்தணும்னு கேட்டேன், யாரக் கேட்டுக்கினு காப்பாத்தணும்னு எழுத மறந்துட்டேன். நாலு பக்கம் எழுதினவளுக்கு அந்த ஒரு வரி தோணல.

இப்ப நான் சொல்லப் போறத உங்கப்பாவுக்குக் கூட முழுசா சொன்னது கெடையாது. அவரு படிச்சா படிக்கட்டும்.

உனக்கு அப்ப ஒம்போது வயசு. வெப் சீரியலு எடுக்கறோம்னு பட்டணத்துலருந்து ஒரு குரூப்பு வந்து கள்ளக்குறிச்சி லாட்ஜுல தங்கினாங்க. மலைல ஊரு வேணும், திருவிழா மாதிரி சீனு வேணும், ஊரு ஜனங்களே நடிக்கணும்னாங்க. உங்கப்பா அப்ப மலைக்கு ஜீப்பு ஓட்டிக்கினு இருந்தாரு, அவரு மூலமா என்னப் புடிச்சாங்க. அந்த சீரியலு ஹீரோயின எனக்கு அவ்ளோ புடிக்கும்! வூட்டு பீரோல அவ படம் ஒட்டி வச்சிருந்தேனே, ஞாபகம் இருக்கா? மேனேஜரு ஒருத்தரு, "அக்கா, ஊர்ல பேசி முடிச்சிக் குடுங்க, மேடம் பக்கத்துல நிக்கற மாதிரி உங்களுக்கு ஒரு சீனு வெக்கறேன்"னாரு. ஜீப்புல ஏறும்போதே எனக்குத் தல கால் புரியல.

அவங்களக் கூட்டிக்கினு எங்க ஊருக்குப் போனேன். வெள்ளிமலைலருந்து அந்தாண்ட எறங்கி நடக்கணும், நீ லீவுக்குப் போவியே, அதே ஊரு. ஊருக்குத் தலைவரு, ஊர்க் கவுண்டரு வந்தாரு, எல்லாரும் வந்து உக்காந்தாங்க, எங்கண்ணன், உன் மாமனும் உக்காந்திருந்தாரு. மேனேஜரு நல்லா பேசினாரு. பேசி முடிச்சிட்டு, "இன்னா சொல்றீங்க, ஓகேவா"ன்னு கேட்டாரு. யாரும் வாயத் தொறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சி ஊர்க் கவுண்டரு, "இந்த வருசம் மழ பிந்திடுச்சி"ன்னாரு. ஒரு அத்த எழுந்து போயி எல்லாருக்கும் கூழு கொண்டாந்து குடுத்துது. மேனேஜரு கூழு குடிச்சிட்டு என்னப் பாத்து கண்ணடிச்சாரு. "பாத்தீங்களாக்கா, ஒருத்தரு கூட வேணாம்னு சொல்லல. எவ்ளோ நல்ல ஜனங்க!"

கண்ணு, நான் அந்த ஊர்ல பொறந்தவ. எனக்குத் தெரியும். எங்க ஊருக்கு வந்தவங்க மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ற பழக்கம் கெடையாது. வூடு தேடி வந்தவன அப்படி அனுப்பறது எங்களுக்கு அசிங்கம். பேசாம இருப்பாங்க, மழ பத்திப் பேசுவாங்க, சாப்பாடு போடுவாங்க. நாலு நாளு கழிச்சி ஒரு ஆள்கிட்ட சொல்லி அனுப்புவாங்க, "இப்ப வேணாம்னு சொல்லச் சொன்னாங்க"ன்னு. அதுதான் அங்க முடியாதுங்கறது. சரின்னா அன்னிக்கே சத்தமா ஆளுக்கு ஒண்ணு பேசிருப்பாங்க, எந்தப் பாறைல நிக்கணும், எந்த ஆட்டக் கட்டணும்னு சண்டையே வந்திருக்கும். அந்த அமைதி இன்னா அமைதின்னு அந்தக் கூட்டத்துல வந்தவங்க பக்கம் உக்காந்திருந்த எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் மேனேஜரப் பாத்து தலய ஆட்டினேன்.

அப்படியும் ஆளு வந்துது. மூணாம் நாளு மத்தியானம், உன் மாமன்தான் பஸ்ஸு புடிச்சி கள்ளக்குறிச்சிக்கு வந்தாரு. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. வாசல்லயே நின்னுகினு, "பாப்பா, ஊர்ல வேணாம்னு சொல்லச் சொன்னாங்க. அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடு, மனசு கஷ்டப்படப் போறாங்க"ன்னாரு. சரிண்ணான்னேன். சாப்ட்டுப் போண்ணான்னேன். கொழம்பு நல்லா இருக்குதுன்னு ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டாரு, உனக்கு முறுக்கு வாங்கி வச்சிட்டு பஸ் ஏறிட்டாரு. நான் மேனேஜருகிட்ட சொல்லல. அடுத்த நாளு ஷூட்டிங்கு. அந்த ஹீரோயினு வரப்போறா. சொல்லணும்னு போன எடுத்தேன், வச்சிட்டேன், திரும்ப எடுத்தேன், வச்சிட்டேன். அவ்ளோதான் நான் பண்ணது. வாயத் தொறக்கல.

காலைல வேன் மல ஏறிச்சி, முன்னாடி சீட்டுல நான். உன் மாமன் சாமை அடிச்சிக்கினு இருந்தவரு நிமிந்து வேனப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. அப்பறம் ரொம்ப வருசம் கழிச்சி அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஊர்ல எல்லாரும் கொதிச்சாங்களாம். இவருதான், "எந்தங்கச்சி கூட்டிக்கினு வருது, எதுனா யோசிச்சித்தான் கூட்டிக்கினு வரும்"னு எல்லாரயும் அடக்கினாராம். அந்த நம்பிக்கைல கேமரா முன்னாடி நின்னாரு. இந்தப் பக்கம் பாருங்க, அங்க கை காட்டுங்க, எதுனா பேசுங்கன்னாங்க. அவரு சாமை வெளச்சல் பத்தி ஏதோ பேசினாரு. எனக்கு சீனு கெடைக்கல. ஹீரோயினு வேன விட்டு எறங்கவேயில்ல, வெயிலு ஜாஸ்தியாம்.

சீரியலு வந்துது. உன் மாமன் வாயி அசையுது, வேற எவனோ ஒருத்தன் கொரலு வருது, எங்க பேச்ச நக்கலா இழுத்து இழுத்துப் பேசற கொரலு. கதைல அந்த ஆளு மலைல ஒளிஞ்சிருந்தவன போலீசுக்குக் காட்டிக் குடுக்கறான், சாராயம் வாங்கித் தரச் சொல்லிக் கேக்கறான். சாமை வெளஞ்ச பக்கம் கை காட்டினாரே, அந்தக் கைதான் ஒளிஞ்சிருக்கற எடத்தக் காட்டற கை. நம்ம வூட்லதான் எல்லாரும் பாத்தோம். நீ "ஐ, மாமா!"ன்னு எழுந்து குதிச்ச. அப்பறம் நீயே உக்காந்துட்ட.

அதுக்கப்பறம் அவரு ஒரு தடவ மரவள்ளிக் கெழங்கு லோடோட கள்ளக்குறிச்சிக்கு எறங்கி வந்திருக்காரு. பஸ் ஸ்டாண்டுல டீக்கடைல ரெண்டு பசங்க, "டேய், காட்டிக் குடுத்தவன் வராண்டா, சரக்க ஒளிச்சி வையி"ன்னு சிரிச்சிருக்கானுங்க. டீய வச்சிட்டு மல ஏறினவருதான், இன்னிக்கு வரைக்கும் எறங்கல. பல்லு வலின்னா கூட வெள்ளிமலையோட சரி. என்கிட்ட சண்ட போடல. ஒரு வார்த்த கேக்கல. நான் போனா பாய் போடுவாரு, சாப்பாடு போடச் சொல்லுவாரு, "மழ எப்படி அங்க"ன்னு கேப்பாரு. கூடப் பொறந்தவகிட்ட மழ பத்திக் கேக்கறாருடா. வந்தவங்களுக்குக் குடுக்கறத எனக்குக் குடுக்கறாரு.

இப்ப அந்த பிடிஎஃப்ல நீ போகப் போற ஊருங்க லிஸ்டப் பாத்தேன். மொத ஊரு எங்க ஊரு. போன்ல உன்னக் கேட்டேனே, மாமா இன்னா சொல்லுவாருன்னு. "மாமா எதுவும் சொல்ல மாட்டாரும்மா, அவருக்கு நான்னா உயிரு"ன்ன. ஆமாண்டா, எதுவும் சொல்ல மாட்டாரு. அதான் எனக்கு பயம். அன்னிக்காவது வந்தவன் வெளியாளு, அவனுக்கு ஆளு சொல்லி அனுப்பினாங்க. நீ தங்கச்சி புள்ள. எங்க ஊர்ல மருமகன் வந்து ஒண்ணு கேட்டா அதுக்கு மறுபேச்சே கெடையாது, பின்னால சொல்லி அனுப்பறது கூடக் கெடையாது. உனக்கு மலைல எத்தினி வூடு மாமன் வூடு! ஒவ்வொரு வூட்லயும் உன்னத் தூக்கி வளத்திருக்காங்க. இன்டர்வ்யூல "மலைல உங்களுக்கு சொந்தக்காரங்க இருக்காங்களா"ன்னு கேட்டாங்க, இருக்காங்கன்னதும் செம ஹேப்பி ஆயிட்டாங்கன்னு நீதான் வந்து சொன்ன. உன் டிகிரியப் பாத்து எடுத்தாங்கன்னுதான் நானும் நெனச்சேன். நேத்து அந்த நாலாவது பக்கத்தப் படிச்சதுக்கப்பறம் அப்படி நெனைக்க முடியல. முடியாதுன்னு சொல்ல முடியாத ஆளாப் பாத்து அனுப்பறாங்க கண்ணு.

அன்னிக்கு ஒருத்தன் கொரலத்தான் மாத்தினான். அது வேற ஆளு கொரலுன்னு எங்க ஊருக்காவது தெரிஞ்சிது. உன் கம்பெனி மெஷினு உன் மாமன் கொரலயே கத்துக்கினா? அவரு சொல்லாதத அவரு கொரல்லயே சொன்னா? இல்லன்னு யாருகிட்ட போயி நிரூபிப்பாரு? பேப்பர்ல அவரு சம்மதிச்சாருன்னு இருக்கும். சாட்சி நீ. நீ நல்லவன்தான், எனக்குத் தெரியும். உன் கம்பெனி மேடம் கூட நல்லவங்களா இருக்கலாம். காலவரம்பு இல்லாமன்னு போட்டிருக்கே, அவ்ளோ நாளைக்கு நல்லவங்க யாரு இருக்கா? நீ இருப்பியா, நான் இருப்பனா? ஆனா அந்தக் கொரலு இருக்கும்.

நம்ம பேச்சு வேணாம்னு நான் சொல்லல. சத்தியமா சொல்றேன், ஒரு நல்ல சீரியலு எங்க பேச்சுல வந்தா மொத ஆளா உக்காந்து பாப்பேன், ஸ்டேட்டஸ் வெப்பேன், ஊர கூட்டுவேன். அதுக்குக் கேக்கற முறைல கேளு. கூட்டத்துல கேக்காத. வூட்டுக்கு வூடு போ. வேணாம்னு சொல்ல அவங்களுக்கு ஒரு ஆளு குடு, உன் சொந்தம் இல்லாத ஆளு, மொகம் பாக்க வேண்டாத ஆளு. நாளு குடு. எதுக்குப் போடப் போறன்னு ஒவ்வொண்ணயும் சொல்லு. அப்பறம் மனசு மாறினா எடுத்துடுவேன்னு எழுதிக் குடு. உன் மேடம்கிட்ட இதச் சொன்னா "டைம் இல்ல, புராஜெக்ட் லேட்டாயிடும்"பாங்க. மேனேஜரும் அதான் சொன்னாரு. வேல போயிடும்னு உனக்கு பயம் இருக்கும், மொத வேல, எனக்குப் புரியுது. அந்த பயமும் எனக்கு இருக்கு, சேத்து வச்சிக்கினுதான் எழுதறேன். நீ பேப்பர மாத்தச் சொல்லிக் கேட்டு அவங்க உன்ன அனுப்பிட்டா வூட்டுக்கு வா. இங்க எவனும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டான்.

மாத்தாம வந்தா நான் இன்னா பண்ணப் போறேன்னு இப்பவே சொல்லிடறேன், அப்பறம் அம்மா முதுகுல குத்திட்டான்னு சொல்லக் கூடாது. உனக்கு நூறு காப்பி ரெடியா இருக்கு, ஓனருகிட்ட குடுத்து வச்சிருக்கேன், கடைக்கு வந்தா வாங்கிக்க. நான் கடைல இருக்க மாட்டேன். வியாழக்கெழம லீவு சொல்லிட்டேன். காலைல மொத பஸ்ஸுல மல ஏறிடுவேன். நீ வரும்போது பொம்பளைங்களோட உக்காந்திருப்பேன். நீ வாசிப்ப, ஆட்சேபணை இருக்கான்னு கேப்ப. எல்லாரும் உன்ன ஆசையாப் பாத்துக்கினு பேசாம இருப்பாங்க. நான் எழுந்து நின்னு, வேணாம்னு சொல்லுவேன். சத்தமா. உன் மொகத்தப் பாத்து.

எங்க ஊர்ல அப்படி யாரும் சொன்னது கெடையாது கண்ணு, வந்தவங்க மொகத்துக்கு நேரா, அதுவும் பெத்த புள்ளைக்கு. சொன்னதுக்கப்பறம் எனக்கு யாரு பாய் போடுவாங்கன்னு தெரியல. உன் மாமன் தலயக் குனிஞ்சிக்குவாரா, எழுந்து போயிடுவாரான்னு தெரியல. உன் கம்பெனிக்காரங்க முன்னாடி உன்ன அசிங்கப்படுத்தினவன்னு நீ என்ன எத்தினி வருசத்துக்குப் பேசாம இருப்பன்னும் தெரியல. ஆனா இது கூட இல்ல என் பெரிய பயம். ஊரே பேசாம இருக்கு, உங்கம்மா ஒருத்தி மட்டும் வேணாம்னு நிக்கறா, பக்கத்துல உன் டீமு நிக்குது, பேனா உன் கைல இருக்கு. அந்த நேரத்துல நீ அந்தக் கோட்டுக்கு மேல இன்னா எழுதுவ? இருவது வருசம் உன்ன வளத்தவ நான், எனக்குத் தெரியல. தெரியாமத்தான் பஸ் ஏறப் போறேன்.

உங்கம்மா